கை போகும் இடம்

வலங்கைமான் வயலோரத்தில் இருக்கும் மலர்க்கொடியின் பட்டறைக்குள் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. வெளியே வைக்கோல் கட்டும் இயந்திரம் உறுமுகிறது. ஒட்டுப்பலகையில் அவள் செய்திருக்கும் புதுப் போர்விமானத்தின் மாதிரி அறைக்குள் விமானி பகலவன் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தானியங்கியை நிறுத்தி விமானத்தைத் தன் கைக்கு வாங்கும் பொத்தானை அவர் தொட வேண்டும். வானத்தில் அதற்கு ஒரு நொடிதான் கிடைக்கும். கையுறை போட்ட கை மூன்றாவது முறையும் இடது தொடையோரம் வெறும் பலகையைத்தான் தட்டுகிறது. “என் தப்புதாங்க. பழைய விமானத்துல இங்கதான் இருக்கும்.” “உங்க கை சரியாத்தான் போகுது சார்,” என்கிறாள் மலர்க்கொடி. ஆறு மாதம் யோசித்து, பொத்தானுக்குப் பதிலாக முகத்துக்கு நேரே ஒட்டிய சிவப்பு வட்டத்தை நகத்தால் உரித்து, அவர் தட்டிய இடத்தில் ஒட்டுகிறாள். “இன்னொரு தடவை.” கை தேடவே இல்லை; நேரே வட்டத்தில் போய் அமர்கிறது. கட்டுக்குக் கீழே மீசை விரிகிறது. வலக்கை துணியை அவிழ்க்கிறது; இடக்கை அங்கேயே இருக்கிறது.