பிழைச்சுப் போச்சு

இலங்கை அகதி முகாம் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடுவது பற்றிய ஆய்வு அது. புள்ளிவிவரங்களைப் போட்டுப் பார்த்த யாழ்ப்பாணத்து நிரோஜா சொன்னாள்: “கணக்கு பிழைச்சுப் போச்சு அக்கா.”

“பிழைச்சிருச்சா? அப்பாடா,” என்றாள் மதுரைக்காரி செண்பகவல்லி.

“ஐயோ, இல்லை. எங்கட ஊரில அப்பிடிச் சொன்னால் கெட்டுப்போச்செண்டு அர்த்தம்.”

செண்பகவல்லிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். போன வாரம் முகாமில் ஒரு தாயிடம், படிப்பை விட்டு வெளிநாட்டுக்குப் படகேறிய மகன் என்ன ஆனான் என்று கேட்டிருந்தாள்.

“எல்லாம் பிழைச்சுப் போச்சு, பிள்ளை.”

“ரொம்ப சந்தோஷம்மா,” என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அந்தத் தாய் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ,” என்றார்.

இவள் இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டு வாங்கிக் குடித்தாள்.