மேலாளர் போட்ட கோடுகள்

ஒரு மணி நேரம் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார என்ன விலை? குமாஸ்தாவுக்கு அது தினம் இரண்டு மாத்திரை. இலவச இணைப்பாக வாயில் துருப்பிடித்த ஆணியின் ருசி. நோயால் பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலிலேயே டாக்டர்கள் தைத்துக் கொடுத்த பை, அடிக்கடி புண்ணாகி அவரைக் கழிப்பறைக்கு விரட்டியது.

அவர் எழும்போதெல்லாம் கண்ணாடி அறைக்குள் மேலாளர் ஒரு காகிதத்தில் கோடு போட்டார்.

"உங்க சீட்டைக் கிழிக்கத்தான் கணக்கு எழுதறார். பேசாம நாற்காலியை பாத்ரூம்லேயே போட்டுக்குங்கண்ணே!" என்றாள் டைப்பிஸ்ட்.

மாத்திரையை மாற்றிய வாரமே மேலாளரின் அழைப்பு வந்தது.

"போன வாரம் தினம் பதினாலு தடவை எழுந்தீங்க."

"சார், வேலையை மட்டும் பறிச்சிடாதீங்க. இப்போ வேற மாத்திரை..."

"அதான் தெரியுதே! இந்த வாரம் அஞ்சுதான். வாயில அந்த ஆணி ருசி இருக்கா?"

"இல்லே சார்."

"அப்போ மாத்திரை பேரை எழுதிக் குடுங்க. என் டாக்டர்கிட்டே கேட்கணும்."

"உங்களுக்கா சார்?"

"உங்களுக்கு அந்தப் பை இருக்கறதை உங்க லீவு லெட்டர்லதான் பார்த்தேன். எனக்கும் அதே பைதாங்க. கழிப்பறை என் ரூமுக்குள்ளேயே இருக்கறதால என்னை எவனும் எண்ணல."

மேலாளர் காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் அவருடைய இன்றைய கோடுகள் பன்னிரண்டு இருந்தன.

குமாஸ்தா பெயரை எழுதி முடிப்பதற்குள் மேலாளர் உள்கதவைத் திறந்துகொண்டு ஓடினார். குமாஸ்தா பென்சிலை எடுத்துப் பதின்மூன்றாவது கோட்டைப் போட்டார்.