அணியத்தில் பாரம்

ஆளில்லாமல் கடலில் மிதந்து கிடைத்த தஸ்நேவிஸின் படகு, விற்பதற்காக டிரெய்லரில் ஏற்றப்பட்டு பிக்கப் வண்டியின் பின்னால் போய்க்கொண்டிருந்தது. முதல் வளைவிலேயே டிரெய்லர் வாலை ஆட்டி, வண்டியையும் சேர்த்து இழுத்தது. டிரைவர் கோமதிநாயகம் ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் பார்த்தார். வலை, எஞ்சின் எல்லாம் படகின் பின்பக்கமே கிடந்தன.

“என்னண்ணே, கடலுக்குப் போற மாதிரி ஏத்தியிருக்கீங்க? கடல்லதான் மூக்கு தூக்கி நிக்கணும். ரோட்டுல அமுங்கணும். என் வண்டி இழுக்குற பாரந்தான், ஆனா இப்படி ஏத்துனா கவுத்துரும். வலையெல்லாம் அணியத்துக்கு மாத்துங்க.”

பாரம் ஏற்றிவிட்டுக் கூடவே வந்த தம்பி கஸ்பார் அசையவில்லை. படகின் முன்முனையான அந்த அணியத்தில்தான் அவன் அண்ணன் தஸ்நேவிஸ் எப்போதும் நிற்பான்.

தஸ்நேவிஸின் மனைவி பெர்னதெத் முன்சீட்டிலிருந்து இறங்கிப் படகில் ஏறினாள். வலைகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து அணியத்தில் அடுக்கினாள். நடுவில் இரண்டு பாதங்கள் ஊன்றும் அளவுக்கு இடம் விட்டாள்.

கோமதிநாயகம் டிரெய்லரின் முன்கம்பியை அமுக்கிப் பார்த்தார். “இப்பச் சரியா இருக்கு. ஏறுங்கக்கா.”

வண்டி நகர்ந்ததும் அவள் சொன்னாள்: “மெதுவாப் போங்க. அவுக நின்னுட்டு வாராக.”