தர்ஜோவின் கார்புரேட்டர்

"பக்தே, வண்டி மறுபடியும் இருமுது."

பக்கத்து வீட்டுத் தர்ஜோ, அழுக்கு அப்பிய கார்புரேட்டரை, 'பக்தே' (பெரியப்பா) என்று அவன் உரிமையோடு கூப்பிடும் பெரியவர் கார்சோனோவின் கையில் வைத்தான்.

"போன வாரம்தானேடா சுத்தம் பண்ணிக் கொடுத்தேன்?"

"நம்ம துலுங்காகுங் ஊர்த் தூசி அப்படி, பக்தே. நீங்க கை வெச்சாத்தான் அடங்குது. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே கழட்டிக் கொண்டாந்துட்டேன்."

"ஆமா, பெரிய உபகாரம்!"

சுரபாயாவிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்த மகள் வினார்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்சோனோ முன்வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார். கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி, பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டுப் பழைய டூத் பிரஷால் தேய்த்தார். செம்புக் கம்பி இழையை, பெட்ரோல் பாயும் ஜெட்டின் நுண்துளைக்குள் விட்டு எடுத்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

தர்ஜோ கிராம்பு சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு ஊர் வம்பு பேசினான். கார்சோனோ பொரித்து வைத்த டெம்பே சோயா வில்லைகளை ஒன்று விடாமல் தின்றான். காப்பியைக் குடித்தான்.

"வரேன் பக்தே!"

போயே விட்டான். பதிலுக்கு ஒரு வாழைப்பழம்கூடக் கொண்டுவந்து தரவில்லை.

வினார்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்ப்பா, வாராவாரம் இதே கூத்தா? விரலெல்லாம் பெட்ரோல்ல வெடிச்சுக் கிடக்கு. ஊருக்கெல்லாம் இளிச்சவாயன் நீங்கதானா?"

"விடும்மா. பக்கத்து வீடு."

அவள் விடவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று சாயங்காலம் நேரே தர்ஜோ வீட்டுக்குப் போனாள்.

தர்ஜோ கிணற்றடியில் குந்தியிருந்தான். காலையில் அப்பா பளபளவென்று துடைத்துக் கொடுத்த அதே கார்புரேட்டர் அவன் கையில். அதன் மேல் தோட்டத்து மண்ணைக் குழைத்து அப்பிக்கொண்டிருந்தான்.

"மாஸ்! என்ன பண்றீங்க?" அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் பழக்கத்திலேயே கத்திவிட்டாள்.

தூக்கிவாரிப்போட்டது அவனுக்கு. மறைக்கப் பார்த்தான், முடியவில்லை.

"என் வண்டி புது மாடல், தங்கச்சி. அதுல கார்புரேட்டரே கிடையாது. இது பழைய இரும்புக் கடையில வாங்கினது."

"அப்போ எங்கப்பாவை எதுக்கு இப்படி..."

"உங்கம்மா தவறிப்போனப்புறம் பக்தே கதவையே தொறக்கலை. அடுப்பு மூட்டலை. 'சாப்பிட்டீங்களா?'ன்னு கேட்டா கோபம் வருது. வேலைன்னு கொண்டு போனா எழுந்து உட்கார்றாரு. நாலு வார்த்தை பேசறாரு. எனக்குன்னு பொரிக்கறப்ப அவரும் ஏதோ ரெண்டு வாயில போட்டுக்கறாரு. தயவுசெஞ்சு அவர்கிட்டே சொல்லிடாதீங்க."

வினார்திக்குத் தன் போன் பேச்சுகள் நினைவுக்கு வந்தன. எப்போதாவது போன் செய்து, "நல்லாருக்கீங்களா?" என்று அவள் கேட்பாள். "இருக்கேன்" என்பார் அப்பா. அதை அப்படியே நம்பி, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது கார்சோனோ சோப்பு போட்டு விரல்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தர்ஜோ மாஸ் நல்லவர்தாம்ப்பா. நான்தான் என்னென்னமோ பேசிட்டேன்."

கார்சோனோ தலையைத் தூக்காமலே கேட்டார். "மண்ணு பூசறதைப் பார்த்துட்டியா?"

அவள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு... தெரியுமா?"

"தோட்டத்து மண்ணு எப்படிம்மா கார்புரேட்டருக்குள்ள போகும்? தினமும் அவன் வண்டி இருமாம கிளம்பற சத்தம் எனக்குக் கேக்காதா?"

"தெரிஞ்சுமா கழுவிக் கொடுக்கறீங்க?"

கார்சோனோ ஈரக் கையை இடுப்புச் சாரோங்கில் துடைத்தபடி வேலிக்கு அப்பால் பார்த்தார். பொழுது சாய்ந்தும் தர்ஜோ வீட்டில் விளக்கு எரியவில்லை.

"அவன் பொண்டாட்டி ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போய் வருஷக்கணக்காச்சு. ஒண்டிக்கட்டையா கிடக்கான். பேச்சுத் துணைக்கு வந்தேன்னு சொல்ல அவனுக்கு வெட்கம். வந்து உட்கார ஒரு சாக்கு வேணாமா, பாவம்? அதான், தெரியாத மாதிரி நானும் கழுவிக் கொடுத்துட்டிருக்கேன்."