பெட்டிச் செய்தி

ஐந்தாம் வகுப்பில் அன்று கதைப்புத்தகத்துக்கு விடுமுறை.

குக்கர் தாள், மிக்சி தாள், மருந்துத் தாள் என்று டீச்சர் பெஞ்சுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே போனாள். எல்லாம் டப்பாவுக்குள் மடித்து வரும் விளக்கத் தாள்கள். பிள்ளைகள் கைக்குத் தாங்கட்டும் என்று லேமினேட் செய்து வைத்திருந்தாள்.

தலைப்பு, துணைத்தலைப்பு, படக்குறிப்பு, தடித்த எழுத்து, பெட்டிச் செய்தி. ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்து, அழியும் பேனாவால் வட்டம் போட வேண்டும்.

கதையை முதல் வரியிலிருந்து படிக்கலாம், தகவல் என்றால் கண் முதலில் பெட்டிக்குத்தான் போக வேண்டும் என்று டீச்சர் வருஷா வருஷம் தொண்டை வற்றக் கத்துவாள்.

முதல் பெஞ்சுக் கேள்விக்காரி கையைத் தூக்கினாள். வகுப்பே அவளை அப்படித்தான் கூப்பிடும். பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டாளாம். எழுந்து கணீரென்று படித்தாள்.

இந்த மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. முழுதாக விழுங்க வேண்டும். பொடித்தால் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கிவிடும்.

டீச்சர் தாளை வாங்கித் தலைப்பைப் பார்த்தாள்.

அம்மாவின் மாத்திரை.

எட்டு மாதத்துக்கு முன் டீச்சர் பயிற்சிக்காக இரண்டு நாள் வெளியூர் போயிருந்தாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தங்கை வந்திருந்தாள். அம்மா விழுங்கச் சிரமப்படுகிறாளே என்று மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தாள்.

அம்மா குளியலறையில் மயங்கி விழுந்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. பொடிக்கக் கூடாத மாத்திரை என்பது டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

படித்தவள்தானே, டப்பாவில் இருக்கும் தாளைப் பார்க்க வேண்டாமா என்று துக்கத்துக்கு வந்திருந்த சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் டீச்சர் தங்கையைக் கிழித்துத் தொங்கவிட்டாள்.

"தேடிப் பார்த்தேன்க்கா. டப்பாவுல தாளே இல்ல" என்றாள் தங்கை.

செய்ததையும் செய்துவிட்டுப் பொய் வேறா என்று டீச்சர் அன்றோடு பேச்சை நிறுத்தினாள். தாள் இல்லாமல் மருந்து டப்பா வருமா என்று அவள் கேட்டதற்குச் சொந்தபந்தமும் தலையாட்டியது.

கேள்விக்காரி இன்னும் உட்காரவில்லை. இந்தத் தாளெல்லாம் டீச்சருக்கு எங்கே கிடைக்கிறது என்று கேட்டாள்.

கடையிலிருந்து எது வந்தாலும் முதல் வேலையாகத் தாளை உருவிப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொள்வேன் என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தாள்.

"வீட்டுல..." என்பதோடு குரல் நின்றுவிட்டது.

தாளில் பெட்டி இருக்கிறதா, தடித்த எழுத்து இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று ஒருநாளும் படித்ததில்லை. முப்பது பிள்ளைகள் முன்னால் கூனிக் குறுகி நின்றாள்.

போன வாரம்தான் தங்கையிடமிருந்து செய்தி வந்திருந்தது. தாள் இருந்திருக்கும், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது, மன்னித்துவிடு அக்கா என்று.

டீச்சரும் பெரிய மனசு பண்ணி மன்னித்திருந்தாள்.