ஐந்தாவது வருஷம்

இதை நான் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதும் பயம்தான். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பொறியியல் படிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தெரியும்?

கம்பஸிலிருந்து லீவில் வந்த மகள் யதுர்ஷிகா, குசினிக்குள் வைத்துத்தான் சொன்னாள்.

“அம்மா, நாலு வருஷம் முடிஞ்சுது. ஆனா இன்னும் ஒரு வருஷம் இருக்கப்போறன்.”

“ஏன் பிள்ளை, பெயிலோ?”

“இல்லையம்மா. திறமாச் செய்த கொஞ்சப் பேரை மட்டும் மறிச்சு வைச்சிருக்கினம். இன்னும் ஒரு வருஷம் படிச்சால் இளமாணிப் பட்டமும் அதுக்கு மேலை முதுமாணிப் பட்டமும் சேர்த்துத் தருவினம். தனித்தனியாப் படிக்கிறதெண்டால் கனகாலம் எடுக்கும்.”

“கொஞ்சம் நில். காலபோக நெல் வெட்டின கையோடை, நிலத்தை ஆறவிடாமல் சிறுபோகம் விதைக்கிற மாதிரியோ?”

அவள் சிரித்தாள். “ஓம். எங்கட சேர் கூட இவ்வளவு வடிவா விளங்கப்படுத்தேல்லை.”

சோற்றுப் பானையை இறக்க மறந்துபோய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இடம்பெயர்ந்த காலத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து வாய்ப்பாடு பாடமாக்கிய பிள்ளை. அவளுக்கு ஒரு பட்டமே எனக்கு மலை. இப்போது இரண்டு பட்டமாம்.

“ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அம்மா.”

கண்ணூறுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். நானும் அதற்குப் பயந்தவள்தான். வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த நாள் சீனி வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரி கஜனி என்னைக் கண்டதும் குரலைத் தணித்தாள்.

“அன்ரி, கவலைப்படாதேங்கோ. உங்கட பக்கத்து வீட்டு லக்ஷனும் பெயில்தானே. கம்பஸுக்குப் போகேக்கை ஒண்டாப் போனதுகள், விடேக்கையும் ஒண்டா விட்டிட்டுதுகள்.”

“ஆரடி உனக்கு யது பெயிலெண்டு சொன்னது?”

“யதுதான். பரந்தன் சந்தியில பஸ்ஸாலை இறங்கி நிக்கேக்கை எல்லாருக்கும் முன்னாலை சொன்னவள். ‘நானும் சோதினையிலை கோட்டை விட்டிட்டன், இன்னும் ஒரு வருஷம் இருக்கோணும்’ எண்டு.”

சீனிக்குப் போனவள் வெறும் பையோடு திரும்பினேன்.

பாஸ் பண்ணிய பிள்ளை எதற்குப் பெயில் என்று ஊருக்குச் சொல்லும்? அப்படியென்றால் எனக்குச் சொன்னதுதான் பொய். படிக்காத தாய்க்கு இளமாணி, முதுமாணி என்று எதையும் சொல்லலாம். போதாததற்குக் காலபோகம், சிறுபோகம் என்று நான் வேறு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

வந்ததும் வராததுமாகக் கேட்டேன். “எனக்குச் சொன்னது பொய்யோ, ஊருக்குச் சொன்னது பொய்யோ?”

அவள் தலையைக் குனிந்தாள். “ஊருக்குச் சொன்னது.”

“விசரோ உனக்கு? ஏனடி?”

அவள் வாய் திறக்குமுன் படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. லக்ஷனின் தகப்பன் யோகநாதன் அண்ணை. யது சட்டென்று குசினிக் கதவுக்குப் பின்னால் போனாள்.

அவர் கதிரையில் இருந்தும் இராமலும் கேட்டார். “தங்கச்சி, ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமச் சொல்லுங்கோ. யது பெயில் எண்டது மெய்யோ?”

“ஏன் அண்ணை?”

“என்ர பெடியனைப் படிச்சது காணும், இனிப் போகவேண்டாம் எண்டு மறிச்சுப்போட்டன். கட்டாரிலை என்ர மச்சான் வேலை பாத்து வைச்சிருக்கிறான். நாளைக்கு மெடிக்கல் எடுக்க வவுனியாவுக்குப் போகோணும். இவன் அழுதுகொண்டு அறைக்குள்ளையே கிடக்கிறான்.”

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“யதுவும் விட்டிட்டாள் எண்டு ஊரெல்லாம் கதை. அவளுக்கே ஏலாத சோதினையெண்டால் என்ர பெடியனிலை பிழையில்லை. இன்னும் ஒரு வருஷம் விட்டுப் பாக்கலாம். அவள் பாஸெண்டால் சொல்லிப்போடுங்கோ. இவன் மொக்கன்தான், பிளேன் ஏத்திவிடுறன்.”

நான் குசினிப் பக்கம் திரும்பினேன்.

இரண்டு பட்டம்தான் பெரிது என்று நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரியதொன்று கதவுக்குப் பின்னால் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றது. இதை எந்தக் கம்பஸில் படிப்பித்தார்களோ தெரியாது. நான் படிப்பிக்கவில்லை.

“ஓம் அண்ணை,” என்றேன். “பெயில்தான்.”

அவருடைய முகம் வெளித்தது. ஆனால் மனுஷன் அதோடு விடவில்லை.

“எந்தப் பாடம்?”

எனக்கு ஒரு பாடத்தின் பெயராவது தெரிந்தால்தானே. வாய் தவறி ஏதாவது சொல்லி, அப்படியொரு பாடமே இல்லையென்று லக்ஷன் சொல்லிவிட்டால், பெடியன் கட்டாரில்தான் நிற்பான்.

சீலைத் தலைப்பை முகத்தில் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினேன். அழுகையை வரவழைக்கத் தேவையிருக்கவில்லை.

யோகநாதன் அண்ணை பதறிப்போய் எழும்பினார்.

“அழாதையுங்கோ தங்கச்சி. எல்லாப் பிள்ளையளும் ஒரே மாதிரியே? நான் பெடியனை அனுப்புறன். ரெண்டும் ஒண்டாப் போய் முடிக்கட்டும்.”

படலை வரை போனவர், என்னைப் பார்க்கப் பாவமாக இருந்ததாக்கும், திரும்பி நின்று சொன்னார்.

“விளங்காததை எங்கட லக்ஷனிட்டைக் கேட்டுப் படிக்கச் சொல்லுங்கோ.”