எலக்ட்ரீஷியன் வீட்டு பிளக்

“இருக்கற ஆண்ட்ராய்டுக்கு என்ன குறைச்சல்?” என்று கேட்டார் அப்பா.

“ஒரு குறையும் இல்லப்பா. ஐபோன்ல கேமரா நல்லா இருக்கு. ஆபீஸ்ல என் சிநேகிதி புதுசு வாங்கிட்டா, பழசைப் பாதி விலைக்குத் தர்றேங்கறா. நாளைக்குள்ள சொல்லணும். வேற ஒருத்தரும் கேட்கறாங்களாம்.”

மூத்தவள் இதைச் சொன்னது ஹாலில், தரையில் உட்கார்ந்தபடி. எழுந்து போக வழியில்லை. அவள் போன் சார்ஜில் இருந்தது.

அப்பா எலக்ட்ரீஷியன். தெருவில் பாதி வீடுகளுக்கு வயரிங் அவர் கைதான். சொந்த வீட்டில் மட்டும் எந்தப் படுக்கை அறையிலும் பிளக் வேலை செய்யாது. சமையலறைப் பிளக் பக்கம் போனோடு போனால் அம்மா கரண்டியைத் தூக்குவாள். மிச்சம் ஹாலில் ஒரே பிளக், அதில் ஒரே சார்ஜர். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கேட்டால், “ஓவர்லோட் ஆகும், ஆபத்து” என்பார். அதே பாக்ஸை அடுத்த வீட்டுக்கு அவரே மாட்டிக் கொடுத்திருக்கிறார்.

அதனால் சாயங்காலம் ஆனால் நாலு பேரும் அந்தப் பிளக்கைச் சுற்றித்தான். ஒருத்தர் போனில் சார்ஜ் ஏறும் வரை மற்றவர்கள் முறை வைத்துக் காத்திருப்பார்கள்.

“வாத்தியார் பிள்ளை மக்குன்னு சொல்வாங்க. எலக்ட்ரீஷியன் பிள்ளைக்கு இந்த கதி” என்று சின்னவன் தினமும் புலம்புவான்.

“அந்த போனுக்கு சார்ஜர் பின் வேறப்பா” என்றாள் மூத்தவள். “அதனால என் ரூம் பிளக்கை சரி பண்ணிக் குடுத்துடுங்க. நான் யார் முறைக்கும் குறுக்க வரமாட்டேன்.”

அப்பா முகம் மாறியது.

“போட்டோ எல்லாம் அதுல வருமா?”

“வரும்.”

“பழைய மெசேஜு?”

“அதுக்கும் வழி இருக்குப்பா.”

“பின்னால போற பட்டன் இல்லையாமே. இத்தனை வருஷம் இடது பக்கம் இருந்த சுவிட்சை வலது பக்கம் மாத்தினா, இருட்டுல கை தடவிட்டே நிக்கணும். யோசிச்சுக்கோ.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றான் சின்னவன். “ஒரு பிளக்கை சரி பண்ண சோம்பல். அதுக்குப் பாவம், போனைப் போட்டு மிதிக்கறீங்க.”

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். மூத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்கெல்லாம் ஓடி ஓடிச் செய்கிற மனுஷன், பெற்ற பெண்ணுக்கு ஒரு பிளக் போட்டுத் தர மாட்டாராமா என்று ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் அவளுக்கு லீவு. அப்பா வேலைக்குப் போன கையோடு டெஸ்டர் மாமாவைக் கூப்பிட்டாள். அப்பாவின் தொழில் கூட்டாளி. குளிக்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கும்.

“அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் மாமா. நீங்களே சரி பண்ணிடுங்க.”

மாமா அவள் அறைச் சுவரில் பிளக் மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். சின்னவன் அறைக்குப் போய் அங்கேயும் கழற்றிப் பார்த்தார்.

“என்ன மாமா, எரிஞ்சு போச்சா?”

“நீயே வந்து பாரு.”

எட்டிப் பார்த்தாள். ஒயர் புதுசு மாதிரி இருந்தது. முனைகளைப் பக்குவமாகக் கழற்றி, தனித்தனியாக டேப் சுற்றி, ஓரமாக மடக்கி வைத்திருந்தது.

“கெட்டுப் போன பிளக் இவ்வளவு அழகா இருக்காது” என்றார் மாமா. “இந்த டேப் சுத்து உங்கப்பன் கைவேலை. கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்.”

“அப்பாவே கழட்டினாரா? எதுக்கு?”

“நேத்து சாயங்காலம் நீங்கல்லாம் எங்க இருந்தீங்க?”

“ஹால்ல.”

“எல்லாருமா?”

“எல்லாரும்தான். சார்ஜ் போடணுமே.”

மாமா மூடியைத் திரும்ப முடுக்கினார். “எங்க வீட்டுல ரூமுக்கு ஒரு பிளக் நல்லா வேலை செய்யுது. சாப்பிட வாங்கன்னு உங்க அத்தை மெசேஜ்தான் அனுப்பறா.”

உட்கார்ந்து சண்டை போட்டதும் சீட்டாடியதும் அம்மா பழைய கதை சொன்னதும் எல்லாம் அந்த ஒரு பிளக்கைச் சுற்றித்தான் என்பது மூத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வாசலில் செருப்பை மாட்டும்போது மாமா சொன்னார். “நான் வந்தது அவனுக்குத் தெரிய வேண்டாம். நான் கிளம்பறேன். எங்க வீட்டுலயும் ரெண்டு மூணு பிளக்கை இன்னைக்கே கெடுக்கணும்.”

சாயங்காலம் சிநேகிதி வீட்டுக்குப் போனவள் ஐபோனோடுதான் திரும்பி வந்தாள். ஹாலில் அப்பாவின் போன் சார்ஜில் இருந்தது. அவள் கையில் இருந்ததை அவர் பார்த்தார்.

“வாங்கிட்டியா? நல்லா இருக்கும்மா.” குரல் இறங்கிவிட்டது. “உன் ஆசைக்கு நான் குறுக்க நிக்கக் கூடாது. நாளைக்கு உன் ரூம் பிளக்கை சரி பண்ணிடறேன்.”

மூத்தவள் பையிலிருந்து ஒரு ஒயரை எடுத்தாள். ஒரு முனை ஹால் சார்ஜருக்கு, மறுமுனையில் இரண்டு வகைப் பின். பழைய ஒயரை உருவிவிட்டு இதைச் செருகி, அப்பாவின் போனை அதில் மாட்டினாள். பிறகு அவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

“என் ரூம் பிளக்கைத் தொடாதீங்கப்பா. கைதேர்ந்த எலக்ட்ரீஷியன் ஒருத்தர் மெனக்கெட்டுக் கெடுத்து வச்சிருக்காரு. கொஞ்சம் நகருங்க, அடுத்தது என் முறை.”